வேகமானிக்குள் குளவிக்கூடு

காரைக்குடியில் எனக்கு டூவீலர் பட்டறை. அத்தான் டெக்சாஸில் உதிரிபாகக் கிட் வாங்கிச் சொந்தமாக விமானம் கட்டினார். அங்கே விதிப்படி வழக்கமாக முதல் 40 மணி நேரம் பயணி ஏற்றாமல் சோதனைப் பறப்பு. இன்ஜினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் 25.

ஒருநாள் ஓடுபாதையில் வேகமுள் எழவேயில்லை. நல்லவேளை, கிளம்பாமலே நிறுத்திவிட்டார். வீடியோ காலில் பிட்டாட் குழாயை, அதாவது எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்கு அனுப்பும் குழாயைக் காட்டச் சொன்னேன். குழாயின் வாய்க்குள் காய்ந்த மண். எங்கள் வீட்டுத் தேக்குக் கதவின் சாவித்துவாரத்தில் வருஷாவருஷம் பார்ப்பதுதான், குளவி!

“ஊதி எடுத்துடவா?”

“ஐயோ, மீட்டர் போயிடும் அத்தான். முதல்ல பின்பக்க டியூபைக் கழற்றுங்க, அப்புறம் அங்கிருந்து வெளியே ஊதுங்க.”

மண்ணோடு செத்த சிலந்திகளும் விழுந்தன. டியூபை மாட்டி, கசிவு பார்த்து, நடந்ததைப் பதிவேட்டில் எழுதினார். இப்போது நிறுத்தியதுமே குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை போட்டுவிடுகிறார்.