சூரியக் காந்தப்புலத்தை விளக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியனின் உட்பகுதியையும் வளிமண்டலத்தையும் தொடர்பற்ற இரு பாடங்களாகப் பிரித்து எழுதுவதே எல்லாத் தவறுகளுக்கும் மூலம். நம் கண்ணுக்கு மேற்பரப்பாகத் தெரியும் ஒளிமண்டலம் கெட்டியான தரையன்று. ஒளி தடையின்றி வெளியேறத் தொடங்கும் மெல்லிய அடுக்கு மட்டுமே. காந்தப்புலத்துக்கு அது எல்லையாக அமைவதில்லை.

சூரியனுக்குள் சட்டக்காந்தம் ஒன்று இருப்பதுபோலப் படம் வரைவதும் பொருந்தாது. அவ்வளவு வெப்பத்தில் நிலைக்காந்தம் இருக்கவே முடியாது. ஆரத்தின் வெளிப்புற 30 சதவீதத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்களாலான வாயு, அதாவது பிளாஸ்மா, இடைவிடாமல் மேலெழுந்து கீழிறங்குகிறது. இதுவே கொதிப்போட்டம். அதோடு, நடுக்கோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாள்களிலும் துருவப் பகுதிகள் ஏறத்தாழ 35 நாள்களிலும் ஒரு சுற்றை முடிக்கின்றன. இந்த வேக வேறுபாடு காந்தப்புலத்தை இழுத்து நீட்ட, கொதிப்போட்டம் அதை முறுக்கிப் புதுப்பிக்கிறது.

வலுப்பெற்ற காந்தப்புலக் கற்றை மேலே வெளிப்படும் இடமே கரும்புள்ளி. அதைக் குழி என்றோ குளிர்ந்த இடம் என்றோ சொல்லக் கூடாது. புலம் கொதிப்போட்டத்தைத் தடுப்பதால் அங்கு வெப்பநிலை சுமார் 4,000 கெல்வினாகக் குறைகிறது. சுற்றிலும் 5,800 கெல்வின் இருப்பதால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது. கரும்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார். அவை பெரும்பாலும் எதிரெதிர் துருவங்கள் கொண்ட இணைகளாகத் தோன்றும். அவ்விரண்டையும் இணைக்கும் காந்தப்புல வளைவு சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் ஓங்கி நிற்க, அதன் வேர்கள் சூரியனின் உள்ளே இருக்கின்றன.

கரோனாவின் வெப்பநிலை பத்து லட்சம் கெல்வினுக்கும் மேல். கீழேயுள்ள வெப்பம் மேலே பரவி அதைச் சூடாக்குகிறது என்று எழுதுவது வெப்ப இயக்கவியலுக்கே முரண். குறைந்த வெப்பமுள்ள ஒளிமண்டலத்திலிருந்து அதைவிட வெப்பமான கரோனாவுக்கு வெப்பம் தானாகப் பாயாது. உண்மையில் மேலே செல்வது, பிளாஸ்மாவின் அசைவு காந்தப்புலத்தில் சேர்க்கும் ஆற்றல். அடர்த்தி மிகுந்த கீழடுக்கில் பிளாஸ்மா புலத்தை இழுத்துச் செல்கிறது. அடர்த்தி மிகக் குறைந்த கரோனாவிலோ புலம் பிளாஸ்மாவை ஆட்டுவிக்கிறது. வளைவுகளின் அடிப்பகுதி ஓயாமல் அசைக்கப்படுவதால் அலைகள் மேலே செல்கின்றன. பின்னிக்கொண்ட புலக்கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போதும் ஆற்றல் வெளிப்படுகிறது. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. ஒன்றை மட்டும் முடிந்த முடிவாக எழுதுவது நேர்மையாகாது.

சூரியச் சுடர்வு எரிதல் அன்று, காந்த ஆற்றலின் திடீர் விடுவிப்பு. அதையும் கரோனாவிலிருந்து பிளாஸ்மா வீசப்படுவதையும் ஒன்றாகக் குழப்புவோர் பலர். இரண்டும் சேர்ந்தும் தனித்தும் நிகழலாம். சுடர்வின் ஒளி 8 நிமிடங்களில் புவியை அடைகிறது. வீசப்பட்ட பிளாஸ்மா வந்து சேரப் பொதுவாக 1 முதல் 3 நாள்கள் ஆகும்.