சிங்கிள் மால்ட் ருசிக்கப் பழகுவோம்: இரண்டு கிளாஸ், ஒரே ஒரு வேறுபாடு

சிங்கிள் மால்ட் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பாட்டில் வாங்கலாம்?" என்றுதான். எதை வாங்கினாலும் சரி, பக்கத்தில் இன்னொரு கிளாஸையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஒரே ஒரு விஸ்கியை வாயில் வைத்தால் "காட்டமாக இருக்கிறது", "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல வராது. இரண்டை மாற்றி மாற்றி முகர்ந்தால், ஒன்றில் இருப்பதும் மற்றதில் இல்லாததும் தானாகப் பிடிபடும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறும்படி தேர்ந்தெடுத்தால், அந்த மணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். இந்தப் பதிவில் நான் காட்டப்போவது அந்த வழியைத்தான்.

ஏற்கெனவே குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. கிளாஸுக்கு 15 மில்லி, அதாவது ஸ்மால் பெக்கில் பாதி. ஒரு தடவைக்கு இரண்டு கிளாஸ். அதற்கு மேல் போனால் மூக்கும் நாக்கும் மரத்துவிடும், ஒப்பிடவே முடியாது. அன்றைக்கு வண்டி ஓட்டும் வேலை இருந்தால் வேறு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

எது சிங்கிள் மால்ட்?

ஸ்காட்லாந்து விஸ்கிக்கு 2009இல் வந்த சட்டவிதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முளைகட்டிய பார்லி (இதுதான் மால்ட்), தண்ணீர், ஈஸ்ட், இவ்வளவுதான் மூலப்பொருள். ஒரே வடிசாலையில், பாட் ஸ்டில் எனப்படும் கொப்பரைகளில் வடித்து, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரே வடிசாலையின் பல பீப்பாய்களை ஒன்றாகக் கலக்கலாம். பெரும்பாலும் கலக்கத்தான் செய்கிறார்கள். ஜானி வாக்கர் பிளாக் லேபிள் போன்றவை பல வடிசாலைகளின் மால்ட்டையும் மற்ற தானிய விஸ்கியையும் சேர்த்த பிளெண்ட். அவை தாழ்ந்தவை என்று அர்த்தமில்லை. ஆனால் இன்ன மணம் இன்ன காரணத்தால் வந்தது என்று பிரித்தறியப் பழக, சிங்கிள் மால்ட்தான் வசதி.

லேபிளில் 12 என்று இருந்தால், அதில் கலந்த பீப்பாய்களிலேயே மிக இளையதற்கு 12 வயது. அதைவிட மூத்ததும் உள்ளே இருக்கலாம்.

படி 1: மேசையைத் தயார் செய்தல்

ஒரே மாதிரி இரண்டு கிளாஸ் வேண்டும். அடிப்பகுதி உப்பி, வாய்ப்பக்கம் குறுகியிருந்தால் மணம் உள்ளேயே தங்கும். 2001இல் ஸ்காட்லாந்தில் வந்த க்ளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்காகவே செய்தது. அது கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகலமான டம்ளரில் மணம் மேலே பரந்து போய்விடும்.

மணம் குறைந்த குடிதண்ணீர், ஒரு டீஸ்பூன் அல்லது சொட்டு மருந்துக் குழாய், ஒரு நோட்டு. சோடா, கோலா, ஐஸ் இன்றைக்கு வேண்டாம். ஐஸ் போட்டால் குளிர்ச்சியில் மணம் மேலே எழும்பாது. சைட் டிஷ் எல்லாம் ருசித்து முடித்த பிறகு. மிளகு சிக்கன் சாப்பிட்ட நாக்குக்கு எந்த விஸ்கியும் ஒன்றுதான். ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், தாளிக்கிற வாசனை இவை இல்லாத அறையும் நேரமும் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மூக்கு நல்ல கூர்மையில் இருக்கும்.

நம் ஊர்க் கோடையில் அறை 33, 34 டிகிரிக்குப் போய்விடுகிறது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் குத்தும். ஏசி போட்ட அறையாக இருந்தால் நல்லது. கிளாஸையும் வயிற்றுப் பகுதியில் பிடிக்காமல் அடியில் பிடியுங்கள்.

படி 2: நிறத்தை நம்ப வேண்டாம்

கறுத்த விஸ்கி என்றால் வயதானது, தரமானது என்று நினைக்கத் தோன்றும். ஸ்காட்லாந்தில் கேரமல் நிறம் சேர்க்க சட்டமே அனுமதிக்கிறது, நிறைய நிறுவனங்கள் சேர்க்கவும் செய்கின்றன. ஆகவே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: முகர்தல்

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். அவசரப்படாதீர்கள். ஊற்றியவுடன் ஐந்து, பத்து நிமிடம் கிளாஸைச் சும்மா விடுங்கள். ஒயினைப் போல மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹால் சுள்ளென்று ஏறி, அடுத்த சில நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. கிளாஸை முகவாய்க்கு நேரே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். மணம் வந்து சேர்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது இடது கிளாஸ், அப்புறம் வலது, மறுபடி இடது. மூக்கு களைத்துவிட்டால் உங்கள் முழங்கை மடிப்பை ஒரு தடவை முகருங்கள். மூக்குக்குப் பழகிய வாசனை என்பதால் திரும்பச் சமநிலைக்கு வந்துவிடும்.

என்ன மணம் என்று எழுதும்போது வெளிநாட்டு விமர்சகர்களின் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். நாம் சாப்பிட்டிராத பழங்களின் பெயரை எழுதி என்ன பயன்? உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் மளிகைக் கடையிலும் இருப்பதே போதும். கிராம்பு வாசனை வந்தால் அது கற்பனை இல்லை. கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் ஓக் மரத்திலும் உண்டு. தேங்காய் வாசனைக்கு ஓக்கில் உள்ள லாக்டோன்கள் காரணம். வெனிலா வாசனைக்கு மரம் சூடுபடும்போது உண்டாகும் வெனிலின். வாழைப்பழம், பேரிக்காய் போன்ற வாசனைகள் ஈஸ்ட் நொதிக்கும்போது பிறக்கும் எஸ்டர்கள். பேரீச்சை, உலர் திராட்சை, சுக்கு, வெல்லப்பாகு, டிங்க்சர் போட்ட காயக்கட்டு என்று எது நினைவுக்கு வருகிறதோ அதை அப்படியே எழுதுங்கள்.

படி 4: வாயில்

முதல் மிடறு சும்மா நாக்கைப் பழக்குவதற்கு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவது மிடறு அரை டீஸ்பூன் அளவு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு, சில நொடி வைத்திருந்து, மெதுவாக விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மூன்று விஷயம் கவனித்தால் போதும். முதலில் தட்டுப்படுவது இனிப்பா, காரமா? வாயில் தண்ணீர் மாதிரி இருக்கிறதா, எண்ணெய் மாதிரி ஒட்டுகிறதா? விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம், எந்தச் சுவை நிற்கிறது? நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பீப்பாய் மரத்திலிருந்து வந்தது.

அடுத்த கிளாஸுக்குப் போகுமுன் தண்ணீர் குடித்து ஒரு நிமிடம் விடுங்கள்.

இனி ஒப்பிடுவதற்கான ஜோடிகள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான்.

முதல் ஜோடி: தண்ணீர்

இதற்கு ஒரே பாட்டில் போதும். இரண்டு கிளாஸிலும் அதே விஸ்கி, ஒன்று ராவாக, இன்னொன்றில் அரை டீஸ்பூன் தண்ணீர். இரண்டையும் முகர்ந்து பாருங்கள். தண்ணீர் விட்டதில் காட்டம் இறங்கியிருக்கும். அதுவரை ஒளிந்திருந்த பழவாசனையோ புகைவாசனையோ மேலே வந்திருக்கும்.

இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர், புகைவாசனை தரும் குவாயகால் என்ற மூலக்கூற்றைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருந்தால் அது திரவத்தின் மேல்பரப்புக்கு வருகிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹாலோடு சேர்ந்து உள்ளே அமிழ்கிறது. ராவாகக் குடிப்பதுதான் வீரம் என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். ஆனால் ஒரேயடியாக நிறையத் தண்ணீரைக் கொட்டினால் எல்லாமே நீர்த்துப்போகும். சொட்டுச் சொட்டாகச் சேர்த்து உங்களுக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது ஜோடி: பீப்பாய்

க்ளென்மோரஞ்சி ஒரிஜினல், க்ளென்மோரஞ்சி லசன்டா. இரண்டும் வட ஹைலேண்டில் உள்ள டெய்ன் ஊரில், ஸ்காட்லாந்திலேயே மிக உயரமான கொப்பரைகளில் வடித்த அதே சரக்கு. கழுத்து மட்டுமே 5 மீட்டருக்கு மேல். கனமான ஆவி ஏற முடியாமல் திரும்பி விழ, லேசான ஆவி மட்டும் மேலே போய்ச் சேர்கிறது. ஒரிஜினல் முழுக்க அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் முதிர்ந்தது. அமெரிக்கச் சட்டப்படி போர்பனுக்கு ஒவ்வொரு முறையும் கரிபிடிக்கச் சுட்ட புது ஓக் கலம் வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. லசன்டா போர்பன் பீப்பாயில் இருந்துவிட்டு, கடைசிக் கட்டத்தை ஸ்பெயின் நாட்டின் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் கழித்தது.

முகர்ந்தால் வேறுபாடு முகத்தில் அறையும். ஒரிஜினலில் வெனிலா, ஆரஞ்சுத் தோல், தேன். லசன்டாவில் உலர் திராட்சை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் துவர்ப்பு. அந்தக் கூடுதல் அத்தனையும் பீப்பாய் தந்தது. என்னைக் கேட்டால், ஒரு புதியவர் வாழ்நாளுக்கும் மறக்காத ஜோடி இதுதான். இதைச் செய்து பார்த்த பிறகு க்ளென்ஃபார்க்ளஸ், க்ளென்ட்ரோனக் போன்ற ஷெர்ரி பீப்பாய் விஸ்கிகளில் எதை எதிர்பார்க்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது ஜோடி: புகை

பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிச் சேர்ந்த மண். வெட்டிக் காயவைத்தால் எரியும். முளைகட்டிய பார்லியை உலர்த்த இதை எரித்தால், புகையில் உள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். விஸ்கியில் வரும் புகை, டிங்க்சர், தார் வாசனை எல்லாம் இங்கிருந்துதான்.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஐலா தீவு இதற்குப் பேர்போனது. லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று வடிசாலைகளும் அதன் தென்கரையில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் நேராக அங்கே போகாமல், அதே தீவின் புருக்லாடி வடிசாலையிலிருந்து தொடங்குங்கள். 1881இல் தொடங்கி, 1994இல் மூடி, 2001இல் மறுபடி உயிர்பெற்ற இடம் அது. அங்கே புகையே இல்லாமல் கிளாசிக் லாடியும், நல்ல புகையோடு போர்ட் ஷார்லட் 10ம் செய்கிறார்கள். இரண்டிலும் ஆல்கஹால் 50 சதவீதம். இரண்டிலும் கேரமல் நிறம் கிடையாது. பீப்பாய்களில் சின்ன வித்தியாசம் உண்டு என்றாலும், அருகருகே வைத்தால் பெரிய வேறுபாடு புகைதான். கிளாசிக் லாடியை முதலில் ருசியுங்கள். புகையை முதலில் குடித்தால் அது நாக்கை விட்டுப் போகாது. 50 சதவீதம் என்பதால் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐலா என்றாலே புகை என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதும் இதில் விளங்கும். வட்டாரத்தின் பெயரை வைத்து ருசியைச் சொல்லிவிட முடியாது. வடிசாலைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

லேபிளிலும் கடைகளிலும் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற கணக்கு காட்டுவார்கள். போர்ட் ஷார்லட் 40, ஆர்ட்பெக் 55. புருக்லாடியே செய்யும் ஆக்டோமோரில் ஒரு வெளியீடு 300ஐத் தாண்டியது. இது பார்லியில் அளந்த ஃபீனால் அளவு. வடிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் நிறைய குறைந்துவிடும். எண் ஆறு மடங்கு என்றால் புகையும் ஆறு மடங்கு என்று பயப்பட வேண்டாம்.

நான்காவது ஜோடி: வெயில்

ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரில் அம்ருத் வடிசாலையில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். வெப்பத்தில் மரமும் விஸ்கியும் வேகமாக உறவாடுவதால், அங்கே சில ஆண்டுகளிலேயே நல்ல முதிர்ச்சி வந்துவிடுகிறது. 2004இல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் அறிமுகம் செய்தது கிளாஸ்கோ நகரில். நம் பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகையேறிய பார்லியையும் சேர்த்துச் செய்யும் அம்ருத் ஃப்யூஷனை ஒரு 12 வயது ஸ்காட்ச் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஜோடியில் பல விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன, அதனால்தான் கடைசியில் வைத்தேன். முந்தைய மூன்றையும் செய்தவர்களுக்கு எது பீப்பாய், எது புகை என்று பிரித்துச் சொல்ல வரும்.

படி 5: கண்ணை மூடி ஒரு சோதனை

லேபிளும் விலையும் நம் நாக்கை ஏமாற்றும். வீட்டில் ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள்: இதற்கு மட்டும் மூன்று கிளாஸ், ஆனால் மொத்தம் அதே 30 மில்லிக்குள்; இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். உணவுத் துறையில் ருசி பார்ப்பவர்களைச் சோதிக்கும் முறை இது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகும் என்பதால், வேறு வேறு நாளில் செய்து பார்த்தால்தான் கணக்கு. புகை ஜோடியில் எளிதாகத் தெரியும், பீப்பாய் ஜோடியில் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஒரே வடிசாலையின் 12க்கும் 15க்கும் நடுவே நிஜமாகவே கடினம். அந்த வேறுபாடு உங்கள் மூக்குக்குத் தெரியவில்லை என்றால் 15க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

செலவும் பாட்டிலும்

இத்தனை பாட்டிலையும் ஒருவரே வாங்குவது கட்டுப்படியாகாது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது சிறந்த வழி. 50 மில்லி மினியேச்சர் கிடைத்தால் ஒருவருக்கு மூன்று தடவை வரும். நல்ல பாரில் 30 மில்லி வாங்கி இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

திறந்த பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகமாகி மணம் மெல்லத் தளரும். அப்போது சுத்தமான சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள். பெயரையும் மாற்றிய தேதியையும் அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஜோடிக்குத் தேவைப்படும்.