எட்டு நிமிஷப் பாட்டை ரேடியோவுக்கு வெட்டுவது

கோவைக் கல்லூரி பேண்டுகள் போடும் புரோகிரசிவ் ராக் (நீளமான, சிக்கலான தாளம் கொண்ட ராக்) பாட்டு சாதாரணமாக எட்டு நிமிஷம் ஓடும். சமுதாய வானொலியில் ஒலிக்க நாலு நிமிஷம் போதும். யெஸ் குழுவின் ‘ரவுண்டபவுட்’ 1971 ஆல்பத்தில் எட்டரை நிமிஷம். தனிப்பாட்டாக வந்த சிங்கிளில் ஏறக்குறைய மூன்றரைதான்.

முதல் இருபது விநாடிக்குள் குரல் வரட்டும். கீபோர்டு முன்னுரை போனால் போகிறது. கிட்டார் சோலோவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் வையுங்கள். கிட்டார்காரர் முறைப்பார், பரவாயில்லை.

பாருக்கு ஏழு தட்டு வரும் ஏழு தாளத்தை நாலாக மாற்றாதீர்கள். பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘மணி’ பெரும்பகுதி ஏழில்தான் நடக்கிறது, ஆனாலும் 1973-ல் அமெரிக்காவில் ஹிட். திரும்பத் திரும்ப வரும் பேஸ் வரியை யாரும் முணுமுணுக்கலாம்.

வெட்டும்போதுதான் சிக்கல். நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஏழு தாள பார் ஒன்று 3.5 விநாடி. எடிட்டிங் மென்பொருளில் தாளத்தைக் காட்டும் கோடுகளின் கட்டம் நாலில் இருந்தால் வெட்டு தப்பி விழுந்து டிரம் விக்கும். முதலில் அதை ஏழுக்கு மாற்றுங்கள். கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி) இல்லாமல் வாசித்த பதிவு என்றால் கட்டத்தை மறந்துவிட்டுக் காதை நம்புங்கள். கிக் டிரம் அடி விழுவதற்குச் சற்று முன் வெட்டி, 10 முதல் 20 மில்லிவிநாடி கிராஸ்ஃபேடு கொடுங்கள்; ஒரு துண்டு மங்க அடுத்தது எழும். சிம்பல் ஓசை பாதியில் அறுந்தால், பாட்டின் வேறிடத்து டிரம் ஃபில்லை (இடைவெளி நிரப்பும் உருட்டை) மேலே போட்டு மூடுங்கள்.

கடைசியில் மோனோவில், அதாவது இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து, கேளுங்கள். இடம் வலமாக அகலமாகப் பரப்பிய சின்த், ஒலி அலைகள் எதிரெதிராகி மறைந்துபோகலாம். காந்திபுரம் பேக்கரியில் டீ குடிப்பவர் கேட்கும் சின்ன ஸ்பீக்கரில் பேஸும் எடுபடாது. அந்த பேஸ் வரியை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே கிட்டாரில் வாசித்து மெல்லச் சேருங்கள்.