கொத்தாமலே ஓர் இனத்தை விரட்ட முடியுமா? எக்செலில் அச்சத்தின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டல் மரங்களில் இரண்டு பறவையினங்கள் ஒரே மீனைத் தேடுவதாக வையுங்கள். ஒன்றைக் கண்டால் மற்றது எழும்பிப் போய்விடும்; சண்டையே இல்லை. இந்தப் பயம் மட்டும் ஓர் இனத்தை அழிக்குமா?

பயம் சாதாரண விஷயமில்லை. கனடாவில் ஒரு சிட்டுவகையின் கூடுகளை வேட்டைவிலங்குகள் நெருங்காதபடி காத்துவிட்டு, அவற்றின் குரலை மட்டும் ஒலிபரப்பினார்கள். குஞ்சுகள் 40% குறைந்தன. 2011இல் வெளியான ஆய்வு அது. ஆகவே பயத்தைப் பிறப்பு வீதத்தில்தான் வைக்க வேண்டும்.

முதலில் எழுத்துகள். பயப்படுவது 'ப', மிரட்டுவது 'ம'. பிறப்பு 0.6, இறப்பு 0.1, நெரிசல் (எண்ணிக்கை கூடக்கூட வரும் இழப்பு) 0.005. ஒன்றின் உணவை மற்றது பாதியளவு பாதிக்கிறது, அதாவது 0.5. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். வாவியில் அளந்தவை அல்ல. 'அச்சம்' என்பது ம-வைக் கண்டு ப எவ்வளவு பயப்படுகிறது என்ற எண்; அதை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். 'வீதம்' என்பது ஒரு பறவைக்கான வளர்ச்சி வீதம்.

ப-வின் வீதம் = 0.6 ÷ (1 + அச்சம் × ம) − 0.1 − 0.005 × (ப + 0.5 × ம)

ம-வின் வீதம் = 0.6 − 0.1 − 0.005 × (ம + 0.5 × ப)

அச்சத்தைப் பூச்சியமாக்கினால், லொட்கா, வொல்டெரா என்ற கணித அறிஞர்கள் 1920களிலும் 1930களிலும் தந்த பழைய போட்டிச் சமன்பாடே மிஞ்சும்.

சரி, எக்செலைத் திறவுங்கள். முதல் வரிசையில் இரண்டுக்கும் 10. அடுத்த வரிசை = பழைய எண் + 0.1 × பழைய எண் × வீதம். அச்சம் பூச்சியமானால் இரண்டாம் வரிசையில் இரண்டும் 10.425 வர வேண்டும். வராவிட்டால் அடைப்புக்குறிகளைப் பாருங்கள். பிறகு 2000 வரிசை வரை இழுத்து விடுங்கள்.

அச்சம் இல்லாவிட்டால் இரண்டும் ஏறத்தாழ 67இல் நிற்கும். அச்சத்துக்கு 0.005 கொடுங்கள்: ப 16, ம 92. இனி 0.01 கொடுங்கள். ப அழிந்துபோகும்! உணவுப் போட்டியில் நாம் எதையுமே மாற்றவில்லை. அச்சத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், பழியை உணவுப் போட்டியின் தலையில்தான் போடுவார். இதனால்தான் இந்தக் கணித மாதிரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. வட அமெரிக்காவில் புள்ளி ஆந்தையைப் பட்டை ஆந்தை விரட்டுவதை ஆராய்பவர்களும் அச்சத்தைப் போட்டிச் சமன்பாட்டில் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம், ப அழியத் தொடங்கும் அச்சத்தின் எல்லையை நீங்களே தேடுங்கள். அது 0.007க்கும் 0.0075க்கும் நடுவில் இருக்கிறது. கிட்டப் போகப் போக விடை ஆறுதலாகத்தான் வரும், வரிசைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.