தட்டைப்பயறா, அச்சிங்காவா? காயையும் மணியையும் வைத்துத் துணையினம் பிரிக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் சந்தை விதையை ஊன்றியபோது, ஒரே வரிசையில் மூன்று விதமான காய்கள் வந்தன. மூன்றும் விக்னா அங்குயிகுலேட்டா என்னும் ஒரே இனமே. அதன் உட்பிரிவுகளான துணையினங்களில் தட்டைப்பயறு அங்குயிகுலேட்டா, அச்சிங்கா என்று மலையாளத்தில் சொல்லப்படும் நீளக்காய்ப் பயறு செஸ்குவிபெடாலிஸ், மணி சிறுத்தது சிலிண்ட்ரிகா. இன்று இவற்றைத் துணையினங்கள் எனாமல் சாகுபடிக் குழுக்கள் என்று கொள்வோரும் உண்டு. எப்படி அழைத்தாலும் பிரித்தறியும் அடையாளங்கள் மாறுவதில்லை.

பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்றிலும் அது காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். கொடி ஓடுவதும் அடையாளமாகாது. தட்டைப்பயற்றிலும் படரும் ரகங்கள் உண்டு.

அடுத்து, காய் நிற்கும் திசை. நான் தவறியது இங்கேதான். சிலிண்ட்ரிகாவின் காய் நிமிர்ந்தோ சாய்வாக மேல்நோக்கியோ நிற்கும். மற்ற இரண்டின் காய்களும் தொங்கும். மழை பெய்த மறுநாள் பார்த்ததால், கிளை சாய்ந்து எல்லாக் காய்களும் தொங்குவதாகத் தோன்றியது. பாதிச் செடிகளுக்குத் தவறான அடையாள நூலைக் கட்டிவிட்டேன். பூங்காம்பைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, அதன் நுனியில் காய் ஒட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கிருந்து காய் எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதே விடை.

பிறகு முற்றிய காயை அளக்க வேண்டும். சிலிண்ட்ரிகா ஏறக்குறைய 7 முதல் 13 செ.மீ., தட்டைப்பயறு 10 முதல் 30, அச்சிங்கா 30 முதல் 90. இதற்குத் தையல்காரர் டேப்பே சிறந்தது. வளைந்த காயில் ஸ்கேல் படியாது.

முதல் இரண்டின் அளவுகள் ஒன்றோடொன்று கலப்பதால் மணியையும் பார்த்தாக வேண்டும். பத்து மணிகளை நுனியோடு நுனி சேர்த்து அடுக்கி அளந்து, பத்தால் வகுங்கள். சிலிண்ட்ரிகா 3 முதல் 6 மி.மீ.; தட்டைப்பயறு 5 முதல் 12, காய்க்குள் நெருங்கிக் கிடப்பதால் ஓரம் தட்டையாகியிருக்கும்; அச்சிங்கா 8 முதல் 12, சிறுநீரக வடிவில் இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

பின்சேர்க்கை: கோடையில் நீரின்றி வாடிய அச்சிங்காவில் காய் 25 செ.மீ.க்கு மேல் நீளவில்லை, அது தட்டைப்பயறுதானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அத்தகைய செடியில் நீளத்தை விட்டுவிட்டு, இளங்காயை விரலால் அழுத்திப் பாருங்கள். அச்சிங்கா உப்பியும் மெத்தென்றும் இருந்து அமுங்கும். காய்ந்ததும் அதன் தோல் மணிகளுக்கு இடையில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தட்டைப்பயற்றின் இளங்காய் அப்படி உப்பாது.