எண்ணை மட்டும் சொன்னால் போதாது: போர்க்கப்பல் தகவல் வலையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சியை ஓரமாக நின்று பார்த்தேன். போர்க்கப்பலின் ஆபரேஷன்ஸ் ரூமில், அதாவது ராடார் தகவலெல்லாம் வந்து சேரும் அறையில், புதிதாக உட்கார்ந்த பிள்ளைகள், இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகளைச் செய்தார்கள். மைக் பட்டனை விட மறப்பதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

எண்ணை மட்டும் சொல்வது

டேட்டா லிங்க், அதாவது கப்பல்களின் கணினிகளை இணைக்கும் தகவல் வலை வழியாக, வானில் எந்த விமானம் எங்கே இருக்கிறது என்ற ஒரே படத்தைப் பல கப்பல்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு டிராக் நம்பர், அதாவது அடையாள எண். இரண்டு கப்பல்கள் ஒரே விமானத்துக்கு வெவ்வேறு எண் கொடுத்துவிட்டால், கணினி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவித்துவிடும். விடுபட்ட எண் அப்புறம் வேறு எதற்காவது போய்விடும்.

1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் நடந்தது இதுதான். ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்துக்கு அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ் கொடுத்த எண் 4474. சைட்ஸ் என்ற இன்னொரு கப்பல் கொடுத்தது 4131. லிங்க்கில் 4131 நிலைத்தது. 4474 தொலைவில் பறந்த வேறொரு விமானத்துக்குப் போனது, அது இறங்கிக்கொண்டிருந்தது. வின்சென்ஸின் கேப்டன் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்டதால்தான், தாக்க வருவதுபோல 'இறங்குகிறது' என்ற பதில் வந்தது என்பது பின்னாளில் ஆராய்ந்தவர்கள் தரும் ஒரு விளக்கம். பயணிகள் விமானமோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. வின்சென்ஸின் சொந்தக் கணினிப் பதிவிலேயே அது இருந்தது. ஏவுகணை போனது. 290 பேரும் இறந்தார்கள்.

நானும் ஒரு பயிற்சியில் மாறிப்போன எண்ணுக்குப் பதில் சொல்லி, எங்கள் ஹெலிகாப்டரையே 'சுட்டு வீழ்த்த' வைத்திருக்கிறேன். காகிதத்தில்தான். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இன்றும் யாராவது வெறும் எண்ணைச் சொல்லி "என்ன பண்ணுது?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணோடு திசை, தூரம், உயரம் மூன்றையும் சொல்லுங்கள். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். பத்து விநாடிகூட ஆகாது.

நேரம் போடாத தகவல்

1940-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் கட்டுப்பாட்டு அறைக் கடிகாரங்களில் ஐந்து ஐந்து நிமிடமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் பூசியிருந்தார்கள். விமானங்களைக் காட்ட மேசை வரைபடத்தில் வைக்கும் வில்லைக்கும் அந்தந்த நேரத்து நிறம்தான். பழைய தகவல் எது என்பது பார்த்தவுடன் தெரியும். நம் குறிப்பேட்டில் நேரத்தை எழுத என்ன கஷ்டம்?

எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்புவது

வேண்டாம். வேண்டியது அதில் மூழ்கிவிடும்.

கேட்டால் சொல்லலாம் என்று இருப்பது

1941 டிசம்பர் 7, காலை 7 மணி தாண்டியதும் ஹவாயின் ஓபானா ராடாரில் பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. ராடாரை இயக்கியவர்கள் தகவல் மையத்துக்குப் போன் செய்தார்கள். ஐம்பதுக்கு மேல் இருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. போனை எடுத்த அதிகாரி, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய தங்கள் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் என்று நினைத்தார். அவரும் அதைச் சொல்லவில்லை, கவலைப்பட வேண்டாம் என்றார். 8 மணிக்குள் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழத் தொடங்கின.