ஹாஸ்கெல்: வரிக்குள்ளேயே டைப் குறிப்பு போடுவது எப்படி?

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் பெரும்பாலும் டைப் (ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்கிற வகை) எழுதாமலே ஓட்டிவிடலாம், கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும். சில இடங்களில் மட்டும் அதற்குத் துப்பே கிடைக்காது, அங்கே நாம்தான் சொல்ல வேண்டும். (கோடைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

ஹாஸ்கெல் வரிகளை உடனே ஓட்டிப் பார்க்கும் ஜிஹெச்சிஐயைத் திறந்து முதலில் இதைக் கொடுத்துப் பாருங்கள்:

ரீட் "42"

42 வராது, 'நோ பார்ஸ்' என்று பிழைதான் வரும். ரீட் ஒரு ஸ்ட்ரிங்கை (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகளை) பல டைப்களாக மாற்றித் தரக்கூடியது, எது வேண்டும் என்று நாம் சொல்லாததால் ஜிஹெச்சிஐ தானாகவே () என்கிற யூனிட் டைப்பை (அதில் இருப்பது () என்ற ஒரே மதிப்புதான்) எடுத்துக்கொள்கிறது, "42" அந்த வடிவத்தில் இல்லையே! இப்போது பின்னால் :: குறியும் டைப்பும் சேருங்கள் (இன்ட் என்றால் முழு எண், டபுள் என்றால் தசம எண்):

ரீட் "42" :: இன்ட்

42 வரும். இன்ட்டை டபுள் என்று மாற்றினால் 42.0. ஸ்ட்ரிங்கும் அதே, ஃபங்ஷனும் அதே, விடை மட்டும் டைப்பைப் பொறுத்து மாறுகிறது. எனக்கு ஹாஸ்கெலில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

அடுத்து அடைப்புக்குறி. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

ஷோ (2 ^ 64) :: இன்ட்

இது பிழை. :: தனக்கு இடப்பக்கம் உள்ள முழுவதையும் பிடித்துக்கொள்ளும், ஷோ தருவதோ ஸ்ட்ரிங். எண்ணுக்குத்தான் குறிப்பு என்றால் அடைப்புக்குள்ளேயே போடுங்கள்:

ஷோ (2 ^ 64 :: இன்ட்)

64 பிட் கணினியில் விடை "0", ஏனென்றால் இன்ட் அவ்வளவு பெரிய எண்ணைத் தாங்காது. இன்டீஜர் என்று போட்டால் "18446744073709551616" முழுசாக வரும்.

அப்புறம், டைப் குறிப்பு எதையும் மாற்றித் தராது. லெங்த் [1,2,3] :: டபுள் என்று எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும், லிஸ்ட்டின் நீளத்தைச் சொல்லும் லெங்த் தருவது இன்ட். மாற்ற வேண்டுமானால் ஃப்ரம்இன்டெக்ரல் (லெங்த் [1,2,3]) :: டபுள் என்று எழுதுங்கள், 3.0 கிடைக்கும்.

ஓகேமல் என்ற மொழியின் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே டைப்புக்கு : குறி, லிஸ்ட்டில் சேர்க்க :: குறி. இங்கே அப்படியே தலைகீழ்.

கடைசியாக ஒரு பழக்கம். நீளமான வரியில் புரியாத டைப் பிழை வந்தால், உள்ளே ஒரு துண்டை அடைப்புக்குள் எடுத்து, அது என்ன டைப் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதை எழுதிவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். நம்பியது தப்பு என்றால் கம்பைலர் அந்தத் துண்டையே காட்டும், சரி என்றால் அடுத்த துண்டுக்குப் போங்கள்.